புகைக்கூண்டு மேல் ஒரு மொட்டைப் பெட்டிஷன்

அம்சம் நடத்தும் மெஸ்ஸுக்குள் தீயணைப்பு நிலைய அதிகாரி நுழைவதைப் பார்த்ததும், எதிர்ப்பக்க டீக்கடையில் நின்ற துரைராசுவுக்குச் சர்க்கரை போடாத டீயே இனித்தது. மொட்டைப் பெட்டிஷன் போட்ட மகராசன் அவர்தான்.

கட்டடம் அவருடையது. அப்பா காலத்து நிலத்தில் உச்சவரம்புச் சட்டத்தில் போனது போக, மீதியைக் குத்தகைக்காரர்கள் உடும்பாகப் பிடித்துக்கொண்டார்கள். மிஞ்சியது திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய இந்த ஒன்றுதான். அதையும் மாப்பிள்ளையின் மருந்துக்கடைக்குத் தருவதாகக் கல்யாணத்தில் வாயை விட்டிருந்தார். மாப்பிள்ளை இப்போதெல்லாம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"காலி பண்ணு" என்று அம்சத்திடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவளுடைய அப்பா செங்கொடி பிடித்து இவருடைய அப்பாவையே ஓடவிட்டவர். அந்த மகளிடம் கேட்க இவருக்குத் துணிச்சல் இல்லை. கட்சிக்காரர்களிடம் போகலாமென்றால், எல்லாக் கரைவேட்டிக்கும் மத்தியானச் சாப்பாடு அங்கேதான்.

அதிகாரி புகைக்கூண்டுக்குள் டார்ச் அடித்தார்.

"என்னம்மா, எண்ணெய்ப் பிசுக்கு இந்தக் கனத்துக்கு ஏறிக் கெடக்கு. ஒரு பொறி போனா மொத்தமும் பத்திக்கும். சுத்தம் பண்ற வரைக்கும் அடுப்பு எரியக் கூடாது."

ஒழிந்தது சனியன் என்று துரைராசு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்.

பசி யாரை விட்டது? மீன்குழம்பு இல்லாமல் தவித்த ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் வீரையன், மறுநாளே ஆள் கூட்டிவந்து புகைக்கூண்டைச் சுரண்டிக் கழுவவைத்தார். எதிர்க்கட்சிக்காரர் சும்மா இருப்பாரா? புது எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி, பக்கத்துச் சுவரில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டார். அந்த ஃபேன் வறுவல் வாசனையை நேராக பஸ் ஸ்டாண்டுக்குள் தள்ளியது. மன்னார்குடி போகிறவனெல்லாம் இறங்கிச் சாப்பிட்டான்.

துரைராசு விடவில்லை. 'அடுப்படிக்கு ஒரே வழிதான், தீப்பிடித்தால் உயிர்ச்சேதம்' என்று இன்னொரு பெட்டிஷன் போட்டார்.

அதிகாரி அவரையே கூப்பிட்டனுப்பினார். "நியாயமான புகார் சார். செவுத்த ஒடைச்சு ரெண்டாவது வழி வச்சாகணும். கட்டடக்காரர் நீங்க, ஒங்க பொறுப்பு."

சொந்தச் செலவில் சொந்தச் சுவரை இடித்துக் கதவு போட்டார். கதவைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டு. அங்கே பார்சல் கவுண்டர் முளைத்தது.

இனித் தாங்காது என்று, மனதைக் கல்லாக்கிக்கொண்டு அந்தக் கதவுப் பக்கம் போனார். பரோட்டா மாஸ்டர் கலந்தர் மாவு வீசிக்கொண்டிருந்தார்.

"ஏம்பா கலந்தர், அம்சம் காலி பண்ற உத்தேசமே இல்லையா?"

"அத ஏண்ணே கேக்குறீங்க. புகையில மூச்சு முட்டுது, முத்துப்பேட்டையில தங்கச்சி வீட்டோட போயிடுறேன்னு சாமானெல்லாம் மூட்டை கட்டிட்டு, ஒங்ககிட்ட சாவியக் குடுக்க அக்கா செருப்ப மாட்டுது, எந்தப் புண்ணியவான் போட்ட பெட்டிஷனோ, அந்நேரம் பாத்து ஆபீசரு உள்ள வந்துட்டாரு."