அண்ணன் குழாயும் தம்பி குழாயும்

மரபணு ஆய்வுக்கூடத்தில் அந்த அம்மையாரின் இயற்பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டுமே காணலாம். மற்றபடி எல்லாருக்கும் அவர் ‘முறைப்படி’. எதையும் முறைப்படி செய்யவேண்டும் என்பார். தாமும் அவ்வாறே செய்வார். வீட்டுச் சமையலறையில் உப்பும் சர்க்கரையும்கூட எண்களால்தான் வழங்கப்பட்டன. அவருடைய கணவர் ஒருமுறை தேநீரில் நான்காம் எண்ணைப் போட்டுவிட்டு, வாய்திறவாமல் குடித்தும் முடித்தார்.

இருபது ஆண்டுகளில் அறுபத்தொரு கட்டுரைகள் வெளியிட்டிருந்தார். அவற்றைப் படித்தவர்கள் அவரும் அச்சுப்பிழை திருத்தியவருமே என்பது இயக்குநரின் கணிப்பு. அறுபத்திரண்டாவதாவது பேசப்படாவிட்டால் கூடத்தையே இழுத்து மூடிவிடுவதாக அவர் சொல்லியிருந்தார்.

ஆகவே, ஒரே பிரசவத்தில் பிறந்த, ஒரே அச்சில் வார்த்த முகமுடைய சகோதரர்கள் வேண்டுமென்று அம்மையார் விளம்பரம் செய்தார். தையற்கடைக்காரர்கள் இருவர் வந்தனர். மரபணுவின் எழுத்து அவர்களுக்கு ஒன்றே. அவ்வெழுத்தின்மேல் வாழ்க்கை இடும் அடிக்கோடுகள்தாம் வேறு. ஒருவருக்குச் சர்க்கரை நோய், மற்றவருக்கு இல்லை. நோய் எந்த அடிக்கோட்டில் குடியிருக்கிறது என்பதே ஆராய்ச்சி.

ஆய்வுக்கு வந்தவரிடம் பெயர் கேட்பது முறையன்று.

“உங்கள்ல அண்ணன் யாரு?”

ஒருவர் கை தூக்கினார். அவர் இரத்தம் சிவப்பு மூடிக் குழாய்க்கும், தம்பியின் இரத்தம் நீல மூடிக் குழாய்க்கும் சென்றன. நோய்க்குறி அண்ணன் குழாயில் இருந்தது.

மூன்று மாதம் கழித்து மீண்டும் அழைத்துச் சோதித்தார். அண்ணன் குழாய் சுத்தம். நோய்க்குறி தம்பி குழாயில்.

“குழாயை மாத்திட்டீங்க,” என்றார், இரத்தம் எடுத்த உதவியாளரிடம்.

“நானா? செருப்பைக்கூட நான் இடம் மாத்தி விட்டதில்லம்மா.”

“அப்ப நோய் அண்ணன்கிட்டேருந்து தம்பிகிட்ட நடந்து போச்சா?”

“சொத்துல காலணா கொடுக்காத அண்ணனுங்க இருக்கற காலம். நோயையாவது கொடுத்தாரேன்னு சந்தோஷப்படுங்க.”

பேச்சு தடித்தது. உதவியாளர் இரண்டு மாத விடுப்பு எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். எனவே, மூன்றாம் முறை அம்மையாரே இரத்தம் எடுத்தார்; அம்மையாரே மூடியிட்டார்.

“சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?”

“இல்லீங்கம்மா. மெஷின் மோட்டார் ரிப்பேர். ஒரு மாசமா காலாலதான் மிதிக்கிறோம்,” என்றார் அண்ணன்.

இம்முறை இரு குழாய்களும் சுத்தம்.

பழிபோட உதவியாளரும் இல்லை. தம்மைத் தாமே சந்தேகிக்கும் வழக்கம் அம்மையாருக்கு இருந்ததில்லை. ஆகவே எஞ்சியது மிதித்தல் ஒன்றே. ஒரே வாரத்தில் அறுபத்திரண்டாவது கட்டுரை பிறந்தது: ‘தையல் இயந்திரம் மிதித்தலும் நோய்க்குறிகளின் மறைவும்.’

இயக்குநர் முதன்முறையாக ஒரு கட்டுரையைக் கடைசிவரை படித்தார்.

“நாலு மிதி மெஷின் வாங்கியாச்சும்மா. நானே தினமும் அரைமணி மிதிக்கிறேன். ஆறு தலையணை உறை ஆயிடுச்சு. நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வராங்க. அந்தச் சகோதரர்களையும் மேடையேத்திடுங்க.”

மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. அம்மையார் மேடையேறும் வேளையில், வாயிற்காவலரிடமிருந்து தொலைபேசி வந்தது.

“அம்மா, தையற்கடைக்காரங்க வந்திருக்காங்க. எப்பவும் முறை வச்சுக் கடைக்கு ஒருத்தரை விட்டுட்டு ரெண்டு பேராத்தான் வருவாங்க. இன்னிக்குக் கடையைப் பூட்டிட்டு மூணு பேருமே வந்துட்டாங்க. அனுமதிச் சீட்டுல ரெண்டு பேர்னுதான் இருக்கு. யாரை வெளியே நிறுத்தட்டும்?”

அம்மையார் மேடைப் படியிலிருந்து இறங்கினார்.

“அதுல அண்ணன் யாருன்னு கேளுங்க.”

“கேட்டேம்மா. ரெண்டு பேர் கை தூக்கறாங்க. சரி, தம்பி யாருன்னேன். அதுக்கும் ரெண்டு பேர் தூக்கறாங்க. நடுவுல பிறந்தவரு ரெண்டுக்கும் தூக்கறாரு.”

அம்மையார் தொலைபேசியை வைத்தார். பக்கத்தில் நின்ற இயக்குநரிடம், “கட்டுரையை நான் திரும்ப வாங்கிக்கறேன் சார்,” என்றார்.