மாடி ஏறிய பியானோ

கொட்டியது வெள்ளை ஒயினாக இருந்திருந்தால் ஆர்மின் ஒரு துணியால் துடைத்துவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்திருப்பான். கொட்டியதோ சிவப்பு. கம்பளத்தின் நட்டநடுவில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு.

மோசல் ஆற்றங்கரையில் மூன்று தலைமுறையாக வெள்ளைத் திராட்சை பயிரிடும் குடும்பத்து மாப்பிள்ளை அவன். பக்கத்துப் பள்ளத்தாக்கின் சிவப்பு ஒயினைத் திருட்டுத்தனமாகக் குடித்தான் என்று தெரிந்தால், மனைவி ரோஸ்வித்தா ஒருவேளை மன்னிப்பாள். மாமனார் செத்தாலும் மன்னிக்க மாட்டார். அக்கா வீட்டுக்குப் போயிருக்கும் ரோஸ்வித்தா சனிக்கிழமை திரும்புகிறாள். இன்று செவ்வாய். அதற்குள் கறை போயாக வேண்டும்.

கம்பளத்தின் ஒரு ஓரம் பியானோவுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. கறை மேல் செய்தித்தாளைப் போட்டு மூடிவிட்டு, தெருவில் போன யோஹெனையும் அவன் தம்பி ஆல்வினையும் கூப்பிட்டான்.

"தம்பிகளா, இந்தப் பியானோவ அடுப்படிக்குத் தள்ளணும். ஒரு கை குடுங்கப்பா."

இருவரும் தூக்கினார்கள். அந்த ஊரில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பியானோவைத் தூக்கினால் கால்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஆர்மின் அடுப்படி வாசலில் கிடந்த நாற்காலியை நகர்த்திவிட்டுத் திரும்புவதற்குள், பியானோ மாடிப்படியின் திருப்பத்தைத் தாண்டியிருந்தது.

"டேய், அங்க இல்லடா! அடுப்படிக்கு!"

"புரியுதுண்ணே, புரியுது," என்றான் யோஹென், பியானோவை மேல் சன்னல் ஓரமாக இறக்கிவைத்துக் கண்ணைச் சிமிட்டி. "யாருகிட்டயும் மூச்சு விட மாட்டோம்."

பத்து நிமிடத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆர்மினின் வீடு ஆற்றுக்கு முதல் வீடு. எந்தெந்த வருடம் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்ற கோடுகள் அதன் வாசல் சுவரில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அந்தப் பியானோ மேலே போன பிறகுதான் தண்ணீர் வந்திருக்கிறது. வானொலியை நம்பாதவர்கள்கூட அந்த மேல் சன்னலை நம்புவார்கள்.

இதெல்லாம் தெரியாமல் ஆர்மின் கீசலாவின் கடைக்குப் போனான். ஒயின் கறையை உப்பு உறிஞ்சிவிடும் என்று எங்கோ படித்திருந்தான்.

"அக்கா, அஞ்சு பாக்கெட் உப்பு குடுங்க."

கடையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அஞ்சா?" என்றாள் கீசலா. "தண்ணி எத்தன நாளு நிக்கும் ஆர்மின்?"

"தண்ணியாவது ஒண்ணாவது! சமையலுக்குத்தான்கா."

"பொண்டாட்டி ஊர்ல இல்ல. உனக்கு முட்டை அவிக்கக்கூடத் தெரியாது. சமையலாம்ல!"

"உப்புக்கண்டம் போடப் போறான்டி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ரெண்டு வாரம் நிக்கும்போல இருக்கு!"

புதன்கிழமை கறை உப்பையெல்லாம் தின்றுவிட்டு, சிவப்பிலிருந்து ஊதாவுக்கு மாறி, ஓரமாக இன்னும் கொஞ்சம் பரவியிருந்தது. மறுபடி கடைக்கு ஓடினான். நேற்று ஒரு யூரோகூட இல்லாத உப்பு இன்று மூன்று யூரோ. உருளைக்கிழங்கு இரண்டு மடங்கு. ரப்பர் பூட்ஸைக் கல்யாணச் செருப்பு விலைக்கு விற்றார்கள்.

"என்னக்கா இது அநியாயம்?"

"நீ பேசாத. பியானோவ மேல ஏத்திட்டு, இங்க வந்து வெல ஏறிப்போச்சுன்னு அழுவுறியா?"

ஆர்மினுக்கு அப்போதுதான் விளங்கியது. சந்தைத் திடலின் நடுவில் நின்று, "வெள்ளம் வராதுங்க! என்னை நம்புங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

"நம்மள வீட்டுக்கு அனுப்பிட்டு மிச்ச கிழங்கையும் இவனே அள்ளப் பாக்குறான்," என்றார் ரொட்டிக்கடைக்காரர். கிழங்கு இன்னும் ஒரு யூரோ ஏறியது.

வியாழக்கிழமை யோஹெனிடம் போய்க் கெஞ்சினான். "பியானோவக் கீழ எறக்கிருவோம்டா."

யோஹென் ஒரு அலமாரியின் அடியில் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்கினான். "ஊரே மேல ஏறுது, நீங்க எறங்குறீங்களா? வெளையாடாதீங்கண்ணே. அந்த மூலையப் பிடிங்க."

பிடித்தான். அன்று மட்டும் நான்கு வீட்டு அலமாரிகளை மாடியேற்றினான்.

வெள்ளிக்கிழமை காலை வானொலி சொன்னது: "நம்பத்தகுந்த உள்ளூர்த் தகவலின்படி, நாளைக்குள் மோசல் ஆறு கரையைத் தாண்டும்."

ஆர்மின் துள்ளிக் குதித்தான். வெள்ளம் நிஜமாகவே வரப்போகிறது! மஞ்சள் சேறு வந்து அப்பிய கம்பளத்தில் ஒயின் கறையை யார் தேடப் போகிறார்கள்?

சோபா, மேசை, கடிகாரம், கல்யாணப் படம், பூந்தொட்டி என்று எல்லாவற்றையும் தனி ஆளாக மாடிக்குச் சுமந்தான். இடுப்பு பிடித்துக்கொண்டது. கீழே ஒன்றே ஒன்றை விட்டுவைத்தான். கம்பளத்தைச் சுருக்கமில்லாமல் விரித்து, உப்பைக் கூட்டித் தள்ளி, ஆற்றுப் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்தான்.

"வாம்மா," என்றான் ஆற்றைப் பார்த்து.

சனிக்கிழமை நண்பகல். நல்ல வெயில். ஆறு அதன் பாட்டுக்கு அதன் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வாத்துகள் கரையேறி இறகு உலர்த்தின.

ரோஸ்வித்தா பெட்டியோடு உள்ளே வந்தாள். காலி அறை. நடுவில் கம்பளம். திறந்த கதவு வழியே வெயில் நேராக அந்த ஊதாக் கறையின் மேல் விழுந்தது.

"வெள்ளம்னு வானொலியில கேட்டுப் பதறி ஓடி வரேன்," என்றாள் மெதுவாக. "துரை பூந்தொட்டியக்கூட மேல ஏத்தியிருக்க. எங்கம்மா குடுத்த கம்பளம் மட்டும் கீழ. அது என்ன கறை?"

"அது... வெள்ளம் வந்துச்சுன்னா..."

"எங்க வெள்ளம்?"

"வரும்! கண்டிப்பா வரும் ரோஸ்வித்தா! வானொலியிலயே சொல்லிட்டாங்க. படிச்ச அதிகாரிங்க, கருவி வச்சு அளந்துல்ல சொல்லியிருக்காங்க!"

வாசலில் யாரோ இருமினார்கள். பாலத்தடியில் ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் அலுவலகத்துக் குமாஸ்தா, அந்த வெயிலிலும் மழைக்கோட்டோடு, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

"மன்னிக்கணும் சார், அந்தப் பியானோவ எப்பக் கீழ எறக்குவீங்க? எங்க கருவி திங்கக்கிழமையே கெட்டுப்போச்சு. உங்க மேல் சன்னலப் பாத்துத்தான் வானொலிக்கு எழுதிக் குடுத்துக்கிட்டிருக்கோம்."