முற்பாதி ரத்தினத்திடம் இருக்கிறது

அருப்புக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, அல்லது அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் ஆணா பெண்ணா என்று தெரியாமல் எழுதுவதற்கு முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். தங்கள் பெயர் நாவலின் முன் அட்டையில் இருந்தது. வாங்கும்போது பார்த்தேன், இப்போது நினைவில் இல்லை, முன் அட்டையும் என்னிடம் இல்லை. பின் அட்டையில் பதிப்பகத்தின் முகவரி இருப்பதால் அங்கே அனுப்புகிறேன். தாங்கள் நல்ல சுகத்துடன் இருக்கிறீர்கள் என்றும், தாங்கள் எழுதியிருப்பது போன்ற வீட்டில் தாங்கள் குடியிருக்கவில்லை என்றும் நம்புகிறேன். இங்கே மழை இல்லை. மற்றபடி நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் அப்படி எழுதலாமா கூடாதா என்பதே எனக்குக் குழப்பமாக இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் பெயர் சந்தனம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நானும் என் வீட்டுக்காரர் ஜெயக்குமாரும் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறோம். வளையல், பொட்டு, சவுரி முடி, தையல் சாமான் எல்லாம் கிடைக்கும். என் சிநேகிதி ரத்தினம் எம்.ரெட்டியபட்டியில் ஜாக்கெட் தைக்கிறாள். திருச்சுழியில் ஒரே தெருவில் பிறந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். வாரம் ஒரு தடவை லைனிங் துணியும் ஹூக்கும் வாங்க ஷேர் ஆட்டோவில் வருவாள், கடையில் உட்கார்ந்து டீ குடிப்பாள், ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுப் போவாள். போன மாதம் இங்கே புத்தகக் கண்காட்சி போட்டார்கள். அதில் தங்கள் நாவலைப் பார்த்தோம். அட்டையில் ஒரு பழைய பங்களா, மாடி ஜன்னலில் இரண்டு பெண்கள், அதற்குக் கீழே ‘இரு தோழிகள், முப்பது வருட ரகசியம்’ என்று சிவப்பில் போட்டிருந்தது. இது நம்ம ரெண்டு பேருக்கும்னே போட்ட புத்தகம் என்று ரத்தினம் சொன்னாள். சேர்ந்து வாங்கினோம்.

யார் முதலில் படிப்பது என்பதில் கடையிலேயே தகராறு வந்துவிட்டது. தோடு வாங்க வந்த பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். என் வீட்டுக்காரருக்குப் பேச்சு பிடிக்காது, காரியம்தான் பிடிக்கும். அட்டைப்பெட்டி அறுக்கிற பிளேடை எடுத்தார், புத்தகத்தை நடுவில் விரித்தார், முதுகோடு சேர்த்து ஒரே இழுப்பில் அறுத்து ஆளுக்குப் பாதியாகக் கொடுத்து, முடித்ததும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு கல்லாவில் போய் உட்கார்ந்துவிட்டார். ரத்தினத்துக்கு முற்பாதி, எனக்குப் பிற்பாதி. கதையைப் பற்றி ஒருத்தியிடம் ஒருத்தி மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வேறு செய்துகொண்டோம்.

என்னுடைய பாதி ‘என்று சொல்லிவிட்டு அவள் கிணற்றைப் பார்த்துச் சிரித்தாள்’ என்று ஆரம்பிக்கிறது. யார் சொன்னாள், என்ன சொன்னாள், கிணற்றில் சிரிக்கிற மாதிரி என்ன கிடந்தது, ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகும் தாங்கள் ஒருத்தருக்கும் பெயர் சொல்லவில்லை. அவளைப் பார்த்து அவள் பயப்படுகிறாள், அவளுக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரியும் என்று அவள் நினைக்கிறாள். நான் பென்சிலால் ஒருத்திக்கு ஒன்று, இன்னொருத்திக்கு இரண்டு என்று போட்டுக்கொண்டே வந்தேன், பாதியில் மூன்று பேர் ஆகிவிட்டார்கள். சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொரு வேளையும் ஒரு மனுசன் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு யாரும் சோறு போடுவதில்லை, ஏன் என்றும் கேட்பதில்லை. என்ன குடும்பம் இது என்று அவருக்காக எனக்கே சோறு இறங்கவில்லை. அவர் செத்துப் பல வருடம் ஆகிறது என்பது கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில்தான் தெரிந்தது. ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது. இரண்டு தோழிகளில் ஒருத்தி மற்றவளுக்கு முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கெட்ட காரியம் செய்திருக்கிறாள், செய்துவிட்டு இத்தனை காலமும் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். என்ன காரியம் என்பது முற்பாதியில் இருக்கிறது.

அடுத்த வாரம் ரத்தினம் வந்தபோது பழைய ரத்தினமாக இல்லை. டீயை மோந்து பார்த்தாள். நான் சில்லறை கொடுக்கத் திரும்பிய நேரத்தில் அவள் கிளாஸை என் பக்கம் வைத்துவிட்டு என் கிளாஸை எடுத்துக்கொண்டாள். வடை வேண்டாம் என்றாள், அது அவள் வாழ்நாளில் சொன்னதே இல்லை. முற்பாதியில் யாரோ யாருக்கோ பாலில் எதையோ கலந்து கொடுக்கிறார்களாம், அதனால் என் மேல் அவளுக்குச் சந்தேகம். அது எனக்கு அடுத்த வாரம் அவளே சொல்லித்தான் தெரியும். அப்போது நான் நினைத்தது, மனசில் ஏதோ இருக்கிறது, அதனால்தான் இவளுக்கு வடை இறங்கவில்லை என்று. அவளை நான் பார்க்க, என்னை அவள் பார்க்க, என் வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் பார்த்து, ஏன் இப்படி ஓணான் மாதிரி பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். போகும்போது ரத்தினம் சிரித்தாள். வாரம் தவறாமல் சிரிக்கிற சிரிப்புதான். அன்றைக்கு அது என்னை என்னமோ செய்துவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் அவள் வந்தது மத்தியானம். ஊர் முழுக்கக் கரண்டு இல்லை, மாதாந்திரப் பராமரிப்பு. வீட்டுக்காரர் செல்போனையும் எடுத்துக்கொண்டு சாப்பிடப் போயிருந்தார். வாடிக்கை யாரும் வராமல் நிம்மதியாகப் பேசலாம் என்று நான் கடை ஷட்டரை இறக்கினேன். அது இறங்கியது, பிறகு ஏறவில்லை. ரத்தினத்தின் போன் அவள் மகள் சத்யபிரியாவிடம் இருந்தது. உள்ளே இருட்டு, அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி வெக்கை, மேல் தட்டில் சவுரி முடி மாட்டிய பொம்மைத் தலைகள் வரிசையாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஷட்டர் மாட்டிக்கொண்டது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நான் வேண்டுமென்றே பூட்டியதாக நினைத்துவிட்டாள். வளையல் பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்தாள், உள்ளே சில டஜன் நொறுங்குவது கேட்டது.

“என்னைய என்ன செய்யப் போற?” என்று கேட்டாள்.

“நீ எனக்கு என்ன செஞ்சன்னு மொதல்ல சொல்லு,” என்றேன்.

சத்தியமாக நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் என் ஜாமெட்ரி பாக்ஸைத் தொலைத்தது அவள்தான் என்று சொல்வாள், சிரித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள் சொன்னதோ வேறு.

“பரளச்சிக்காரவுக ஒன்னையப் பொண்ணு பாக்க வந்தாகள்ல. பஸ் ஸ்டாப்புல எறங்கி எங்கிட்டதான் வழி கேட்டாக. அந்த வீட்டுல அம்மை போட்டுருக்கு, போகாதீகன்னு சொல்லிட்டேன். பழத்தட்டோட அப்படியே அடுத்த பஸ்ஸுல ஏறிட்டாக.”

தங்களுக்கு இது புரிய வேண்டுமானால் ஒன்று சொல்ல வேண்டும். நான் கொஞ்சம் உயரம். அன்றைக்குப் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்தேன், யாரும் வரவில்லை. முதல் நாள் கோயிலில் வைத்து அவர்கள் ஆள் யாரோ என்னைப் பார்த்திருப்பார்கள், பனைமரம் மாதிரி இருக்கிறாளே என்று நின்றுவிட்டார்கள் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அதிலிருந்து நான் குனிந்தே நடந்து பழகிவிட்டேன். என் கல்யாணப் போட்டோவில் பார்த்தால் தெரியும், சேலைக்குள் முழங்காலை மடக்கி நிற்கிறேன். இப்போது முப்பது வருடம் கழித்து, என்னை யாரும் வேண்டாம் என்று சொல்லவே இல்லை என்கிறாள். இவளை அடிப்பதா கட்டிப்பிடிப்பதா என்று தெரியவில்லை, அந்த இருட்டில் இரண்டுக்குமே வசதி இருந்தது. ஏன்டி இப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்டேன்.

“நீ போயிட்டா நான் யாருகிட்டப் பேச?” என்றாள்.

பரளச்சி என்ன சீமையிலா இருக்கிறது, பஸ் ஏறினால் வந்துவிடலாம். அதுவும் அடுத்த தையிலேயே இவளை எனக்கு முன்னால் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதையும் கேட்டேன். அழுதாள். நானும் அழுதேன், எதற்கென்று தெரியவில்லை. அப்போது வெளியே ஷட்டரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரரும் பக்கத்து டீக்கடை செல்லப்பாண்டியும் சேர்ந்து நெம்பித் தூக்கினார்கள். வெயில் உள்ளே வந்தது. என் வீட்டுக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்தார், பிறகு வளையல் பெட்டியைப் பார்த்தார், பெட்டிக்குத்தான் அதிகம் வருத்தப்பட்டார். ரத்தினம் ஹூக் கூட வாங்காமல் ஆட்டோ ஏறிவிட்டாள்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார்.

“அவுக திரும்பிப் போகலைன்னா நீ எனக்குக் கெடச்சிருக்க மாட்டயே. ரத்தினத்துக்கு ஒரு சேலை எடுத்துக் குடு,” என்றார்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கை கழுவி வந்த பிறகு, அந்தப் பரளச்சி மாப்பிள்ளை பார்க்க எப்படி இருப்பான் என்று கேட்டார். அதிலிருந்து தினமும் கேட்கிறார்.

ரத்தினம் அதற்குப் பிறகு வரவில்லை, போன் செய்தால் சத்யபிரியா எடுத்து, அம்மா மிஷினில் இருக்கிறாள் என்கிறாள். நான் கோபமாக இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. சில நேரம் இவளால் ஒரு வாழ்க்கையே மாறிப்போனதே என்று நெஞ்சு எரிகிறது. சில நேரம் கடைக் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்று பார்க்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன். ஆகையால் தாங்கள் எனக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரும் மாடியில் நிற்கும்போது அவள் அவளுடைய கையைப் பிடிக்கிறாள் என்று முடித்திருக்கிறீர்கள். கீழே தள்ளிவிடப் பிடிக்கிறாளா, விழாமல் இருக்கப் பிடிக்கிறாளா? அதைத் தெரிந்துகொண்டால் நானும் அப்படியே நடந்துகொள்வேன். தபால் கண்டதும் தயவுசெய்து பதில் போடவும்.

தங்கள் கை நோகாமலும் கண் மங்காமலும் இருக்க வேண்டும். தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு என் ஆசியும் சொல்லவும். இந்தப் பக்கம் வந்தால் கடைக்கு வந்து போகவும்.

இப்படிக்கு,
ஜெ. சந்தனம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ரத்தினம் வந்துவிட்டாள். ஷட்டருக்குள் சொன்னது எல்லாம் பொய்யாம். ஏதாவது ரகசியம் சொன்னால்தான் நான் வெளியே விடுவேன் என்று பயந்து, ஆறாம் அத்தியாயத்தில் வருவதை எடுத்துச் சொன்னாளாம். தங்கள் நாவலில் பரளச்சி எப்படி வரும் என்று கேட்டேன், ஊர்ப் பேரை மட்டும் மாற்றினேன் என்றாள். வேண்டுமானால் பார்த்துக்கொள் என்று முற்பாதியை மேஜை மேல் வைத்தாள், வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்குச் சொன்னது நிஜமா, இன்றைக்குச் சொல்வது நிஜமா, என் மனசு ஆறுவதற்காக இப்படிச் சொல்கிறாளா, ஒன்றும் விளங்கவில்லை. இன்றைக்குச் சொல்வதுதான் நிஜம் என்றால் நான் மறுபடியும் குனிந்து நடக்க வேண்டியதுதான். முற்பாதியைத் திறக்காமல் அவள் பையிலேயே திரும்ப வைத்துவிட்டேன். இப்போது எதிரே உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருக்கிறாள். தாங்கள் பதில் போட வேண்டாம். ஆறாம் அத்தியாயத்தில் அப்படி ஒன்று இல்லை என்றாலும் போட வேண்டாம், இருந்தால் கட்டாயம் போட வேண்டாம்.