தாண்டிக்குடிக்குப் பெண் பார்க்கப் போன கிரீஸ்

கொடைக்கானலுக்குத் தேனிலவு வந்த ஜோடிகளில் பாதிப்பேரைப் பத்திரமாகக் கரை சேர்த்தவர் கிரீஸ். அவருக்குத்தான் நாற்பது வயதுவரை கல்யாணம் ஆகவில்லை.

நான் அப்போது ஏரியில் ஒரு படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். கிரீஸ் அங்கே மோட்டார் படகு ஓட்டுநர். பெடல் படகை மறுகோடிவரை மிதித்துப் போய், கால் ஓய்ந்து, பனிமூட்டத்துக்குள் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் புதுத் தம்பதிகளைக் கயிறு கட்டி இழுத்து வருவது அவர் சோலி. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

எஞ்சினிலிருந்து ஒரு தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு போய் வெளியே விசிறியைச் சுழற்றும். அந்த ஓட்டை வழியே ஏரி உள்ளே வராதபடி, கிரீஸ் தோய்த்த கயிற்றைத் தண்டைச் சுற்றி அடைத்து, நட்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். நம் ஆள் வெள்ளனே வந்து முதலில் அதற்குத்தான் கிரீஸ் ஊட்டுவார். அப்படியும் ஓடும்போது சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விழும். விழ வேண்டும் என்பார். "முழுசா இறுக்குனா தண்டு கருகிரும்ணே. கொஞ்சம் அழுக விட்டாத்தான் அது நல்லா இருக்கும்."

இழுத்து வரப்பட்ட மாப்பிள்ளை ஒருவர் அந்தச் சொட்டைப் பார்த்துவிட்டு, இரண்டு லைஃப் ஜாக்கெட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தானே மாட்டிக்கொண்டார். மனைவி பார்த்த பார்வைக்கு ஜாக்கெட் ஏதும் கிடையாது.

கிரீஸுக்குப் பெண் பார்க்கப் போனால் வேறு மாதிரிச் சிக்கல். பூண்டியில் ஒரு வீட்டில், பொண்ணு பிடிச்சிருக்கா என்று கேட்டார்கள். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட வேண்டும் என்றார். தரகர் தலையில் அடித்துக்கொண்டு, "அடுத்து தாண்டிக்குடி. அதுவும் போச்சுன்னா என்னையத் தேடாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

தாண்டிக்குடிப் பெண் தையல்கடை வைத்திருந்தார். தாய்மாமன் வீட்டில் கிரீஸையும் தரகரையும் துணைக்குப் போன என்னையும் உட்கார வைத்துக் கேசரி கொடுத்தார்கள். பின்புறக் கொட்டகையில் டீசல் பம்பு கிறீச்சிட்டது. கிரீஸின் மூக்கு விடைத்தது.

"பம்ப இறுக்குனீங்களா?"

"ஒழுகிக்கிட்டே கெடந்துச்சுங்க. ஒரு சொட்டு வராம இறுக்கிட்டேன்ல" என்றார் மாமன் பெருமையாக.

அப்புறம் திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் கேசரி மட்டும் இருந்தது. கொட்டகை இருட்டு என்று அந்தப் பெண் செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, மாப்பிள்ளை பம்புக்கு அடியில் கிடந்தார். நானும் மாமனும் மிளகுக்கொடியைப் பற்றிப் பேசி, காப்பிச்செடியைப் பற்றிப் பேசி, பேச ஒன்றுமில்லாமல் கேசரியையும் தின்று முடித்தோம். கிரீஸ் தலையிலிருந்து தண்ணீர் வடிய வந்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஜீப்பில் ஏறினார்.

"ஏய்யா, பொண்ணு எப்பிடி?" என்றேன்.

சட்டையைப் பிழிந்தார். "வெளக்குப் பிடிச்ச கை ஆடவே இல்லண்ணே."

தரகர் பாதி வழியில் இறங்கிக்கொண்டார்.

பெண் வீட்டிலிருந்து பதில் வரவில்லை. கிரீஸ் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் படகுக்குக் கிரீஸ் வைக்க மறந்தார். தண்டு சூடேறி, நடு ஏரியில் எஞ்சின் நின்றது. தேனிலவு ஜோடி ஒன்று பெடல் படகில் போய் அவரைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. துறையே கூடி நின்று சிரித்தது. அவர் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

மறுநாள் மாமன் போன் செய்தார். பொண்ணே பேசணுமாம் என்று கொடுத்தார்.

"அவரு என்னைய நிமிந்துகூடப் பாக்கலண்ணே. ஆனா நட்டைக் கழட்டுறதுக்கு முந்தி, குளுந்த தண்ணி பீச்சும், எட்டி நில்லுங்கன்னு சொன்னாரு. மொத்தத் தண்ணியையும் அவரே வாங்கிக்கிட்டாரு. எனக்குச் சம்மதம்னு சொல்லிருங்க."

கிரீஸ் படகுக்குள் குனிந்திருந்தார். அப்படியே சொன்னேன். நிமிரவில்லை.

"பம்பு இப்ப எப்பிடி ஓடுதாம்?" என்றார்.

கையிலிருந்த ஸ்பானர் மட்டும் நட்டில் உட்காராமல் தட்டிக்கொண்டே இருந்தது. நான் இறங்கிப்போய் வாங்கிப் பொருத்திக் கொடுத்தேன்.