கதவு ரப்பர் பிழிந்த படலம்

வாழ்க லோகன். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் ஒன்பதாம் தளம் ஆளும் கோமான். கிளாங் துறைமுகக் கிடங்கில் போர்க்லிப்ட் எனும் இருகோட்டு வேழம் ஊர்ந்து பெட்டிமலைகளைப் புரட்டும் புயவலியோன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் பிறந்து, இரண்டு இஞ்சின் கண்டு, மூன்றாவதையும் முனகிக் கேட்கும் வெளிர்நீலக் காரின் ஏகநாயகன். அவன் ஒரு சனிக்கிழமை ஆற்றிய அருஞ்செயலைச் சொல்லப் புகுந்தோம். கேட்போர் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்க.

அக்காரின் இடப்பக்க முன்கதவைச் சுற்றி ஓடிய ரப்பர் பட்டி, முப்பத்தேழு ஆண்டு வெயிலில் வெந்து, கருவாடெனச் சுருங்கி, விரல் நுழையும் கணவாயொன்றைத் திறந்துவிட்டிருந்தது. அவ்வழியே ஐப்பசி மழை படைதிரட்டிப் புகுந்து, அங்கே அமரும் அவன் இல்லக்கிழத்தி சந்திரகலாவின் இடத்தோளை ஆண்டுதோறும் முற்றுகையிட்டது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மாதரசி, வியாழனன்று சோற்றுக்கரண்டியைச் செங்கோலாய் ஏந்தி ஆணை பிறப்பித்தாள்:

“சனிக்கிழமை என் மாமா மக ஜனகா கல்யாண விருந்துக்கு கிளாங் போறோம். கதவு வழியா என் பட்டுச்சேலையில ஒரு சொட்டு மழ விழட்டும், திங்கக்கிழமை இந்தக் காடி பழைய இரும்புக் கடைக்குப் போயிரும். சொல்லிட்டேன்.”

அவள் ‘சொல்லிட்டேன்’ என்று சொல்லி நடக்காமற்போனது அவ்வீட்டில் இதுவரை ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு நாயகன் திசையெங்கும் அலைந்தான். செலாயாங்கில் கை விரித்தனர், செராசில் சிரித்தனர், சுங்கை பூலோவிலோ கடைக்காரர் காரை ஒருமுறை வலம்வந்து, “இதுக்கெல்லாம் இனி சாமான் வராது பாஸ், நீங்களே செஞ்சாத்தான் உண்டு லா” என்றார். அவர் கிண்டலாய்ச் சொன்னதை லோகன் அசரீரியாய்க் கொண்டான்.

அன்றிரவே யூடியூப் வனத்தில் தவமிருந்த வெண்தாடி முனிவரொருவர் அவனுக்கு உபதேசம் அருளினார்: கண்ணாடி ஒட்டும் சிலிக்கான் பசையில் சோள மாவைக் கொட்டிப் பிசைந்து பட்டியாக்கினால், ஒரு மணி நேரத்தில் ரப்பர். பசை இறுக ஈரம் வேண்டும், சோள மாவில் அந்த ஈரம் உண்டு என்பதையும் முனிவர் விளக்கத்தான் செய்தார். அந்த இடத்தை லோகன் பத்துப்பத்து விநாடியாகத் தள்ளி ஓட்டிவிட்டான். ஊழ்வினை அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் நண்பகல், சந்திரகலா முடி அலங்காரத்துக்கு சலூன் சென்றுவிட, அடுக்களைக் கோட்டை காவலற்றுக் கிடந்தது. அங்கே சோள மாவு இல்லை. தீபாவளி முறுக்குக்கென்று அவள் அரிசியும் உளுந்தும் துளி ஈரமின்றி மணக்க மணக்க வறுத்து அரைத்த மாவுதான் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தது. பக்கத்தில் பித்தளை முறுக்கு அச்சு. எந்த மாவானால் என்ன என்று தெளிந்த மதியூகி, சிலிக்கான் குழாய் இரண்டைக் கழுத்தறுத்து, வினிகர் நெடி விண்ணை முட்ட, கண்ணீர் தாரைதாரையாய்ப் பெருகப் பிசைந்து, ஒற்றைத்துளை வில்லையிட்ட அச்சில் நிரப்பி, தீரத்தீர மீண்டும் நிரப்பி, முழங்காலில் ஊர்ந்தபடியே வாசல்நடை நெடுக நாலு மீட்டர் பட்டி பிழிந்தான்.

அடுத்த வீட்டு ரமணி மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

“என்னா பாஸ், தீபாவளிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கே. இப்பவே முறுக்கா?”

“காடிக்கு.”

“பொரிச்சுக் குடுப்பியா, இல்ல பச்சையாவே தின்னுமா?”

வீரர் வீணருடன் சொல்லாடார். ஒரு மணி நேரம் கழித்து லோகன் விரலால் தொட்டான்; ஒட்டவில்லை. காய்ந்தது மேல்தோல் மட்டுமே, உள்ளே களியாகவே கிடக்கிறது என்பதை விரல் அவனுக்குச் சொல்லவில்லை. பட்டியைக் கதவுக்குச் சூட்டினான்.

நாலு மணிக்குக் கிளிப்பச்சைப் பட்டுடுத்து இறங்கி வந்த சந்திரகலா பட்டியை உற்று நோக்கினாள். குனிந்து முகர்ந்தாள்.

“இது என் மாவா?”

“கொஞ்சந்தான் எடுத்தேன்.”

“டின்னு காலியா இருக்கு.”

“மழ வர மாதிரி இருக்கு, ஏறு.”

கதவு அறைந்து சாத்தப்பட்டது. சுபாங் தாண்டும் முன்பே வானம் தன் நால்வகைப் படையையும் ஏவியது. நீர்வேல் கோடி பாய, இடிமுரசு அதிர, ஃபெடரல் நெடுஞ்சாலையில் வாகனங்கள் இரண்டு மணி நேரம் எறும்பாய் ஊர, லோகன் சாலையைக் காட்டிலும் மனைவியின் இடத்தோளையே அதிகம் பார்த்து ஓட்டினான். ஒரு சொட்டும் இல்லை. வறண்ட மாவோடு கூடி ஈரத்துக்கு ஏங்கிக் கிடந்த பசை, வெளியே மழையைக் கண்டதும் மாந்தியது, மாந்தி இறுகியது, இறுகுங்கால் கதவை ஒரு கையாலும் காரை மறுகையாலும் கட்டியணைத்துக்கொண்டது.

கிளாங் மண்டப வாசலில் சந்திரகலா கைப்பிடியை இழுத்தாள். கதவு அசையவில்லை. வெளியே பாய்ந்த லோகன் காரின் விலாவில் கால் ஊன்றி இழுத்தான். மண்டபத்திலிருந்து ஓடிவந்த அவள் மாமன்மார் இருவரும் காவலாளியும் அவன் இடுப்பைப் பற்றி வடம்பிடித்து இழுத்தனர். கைப்பிடி மட்டும் கழன்று கையோடு வந்தது. அதன்பின் அவ்வரசி, பன்னீர்ச்செம்பும் சந்தனக் கிண்ணமுமாய் நின்ற வரவேற்புப் படை வாய்பிளந்து நோக்க, ஹேண்ட்பிரேக் எனும் குன்றேறி, கியர்க்கம்பெனும் முள்மரம் கடந்து, ஸ்டியரிங்கை மும்முறை ஹாரனடிக்க வைத்து, வலப்பக்க வாயில்வழி மண்ணில் இறங்கினாள். முந்தானையைப் புரட்டிப் புரட்டித் தடவினாள். அவை மூச்சடக்கியது.

“நனையல,” என்றாள். “சொன்னா சொன்னதுதான். வச்சிக்க.”

இவ்வாறு இரும்புக் கடையின் கோரவாயினின்று தன் நீலத்தேரை மீட்டு, மாரியை வென்று, மனையாள் வாயாலேயே வெற்றி கூறப்பெற்று, கழன்ற கைப்பிடியை வெற்றிவாளென ஏந்தி வாகை சூடி நின்றான், திறவாக் கதவு கண்ட லோகன்.

அன்றிலிருந்து சந்திரகலா பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறாள்.