பக்கத்து வீட்டுக்காரர் கார்டு

கூடையை மளிகைக் கடைக் கவுண்டரில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார் மெக்கானிக். பின்னால் அவருடைய பழைய மேலாளர் நின்றிருந்தார். மூன்று மாதத்துக்கு முன் வேலைநீக்கக் கடிதத்தை நீட்டிய அதே கையில் இப்போது ஒரு பருப்புப் பொட்டலம்.

மெக்கானிக்கின் சட்டைப் பையில் இருந்தது அரசாங்கத்தின் உணவு உதவி கார்டு. அதை இந்த மனிதர் கண்ணில் காட்டுவதற்குப் பதில் பட்டினி கிடக்கலாம். ஆனால் கைக்குழந்தை கிடக்காதே. பால் மாவு டப்பாவைக் காலையிலேயே சுரண்டியாகிவிட்டது.

"நீங்க முன்னால போங்க சார்."

"பரவால்ல. எனக்கு அவசரமில்ல."

சொன்னவர் இம்மியும் நகரவில்லை. வேறு வழியின்றி மெக்கானிக் கார்டை உள்ளங்கையில் மறைத்து நீட்டினார்.

"உணவு உதவி கார்டா?" என்றாள் கவுண்டர் பெண், கடை முழுக்கக் கேட்கும்படி.

"என்னுது இல்லம்மா. பக்கத்து வீட்டுக்காரருது. அவருக்கு உடம்பு முடியல."

நன்றாகச் சமாளித்துவிட்டதாகத்தான் நினைத்தார், பாவம்.

"அடுத்தவங்க கார்டுல வாங்கக் கூடாதுங்க. பிடிச்சு வெச்சு ஆபீசுக்கு அனுப்பணும்." கார்டை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள்.

"ஐயோ, அது என்னுதுதாம்மா."

"இப்பதானே இல்லேன்னீங்க?"

"வெக்கத்துல சொல்லிட்டேன். வீட்டுல குழந்தை பசியா இருக்கும்மா."

"இதுல பேரும் இல்ல, போட்டோவும் இல்ல. நான் எதை நம்பறது? உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது சொல்லட்டும், தரேன்."

தெரிந்தவர் அந்தக் கடையிலேயே ஒருவர்தான். மானம் கப்பலேறியதோடு நிற்கவில்லை, கப்பல் கிளம்பியே விட்டது. மெக்கானிக் தரையைப் பார்த்தபடி திரும்பினார்.

"சார், எனக்கு வேலை இல்லேன்னு நீங்களே கொஞ்சம் சொல்லுங்க."

மேலாளர் தொண்டையைச் செருமினார். "எனக்குத் தெரியும்மா. நான்தான் வேலையை விட்டு அனுப்பினேன். கார்டு அவரோடதாத்தான் இருக்கும்."

இழுப்பறை திறந்தது. பால் மாவு பைக்குள் போனது. இனி இந்த ஊரில் எந்த முகத்தோடு நடமாடுவது என்று மெக்கானிக்குக்கு அழுகை முட்டியது. யாரையும் பார்க்காமல் வாசல் பக்கம் நடந்தார்.

பின்னால் கவுண்டர் பெண்ணின் குரல் கேட்டது.

"சார், உங்களுக்கும் அதே கார்டுதானே? அப்புறம் எதுக்கு வாராவாரம் வரிசை காலியாகற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கறீங்க?"