எண்ணூற்று இருபது கிலோமீட்டரும் பத்தொன்பது நிமிடத் தாமதமும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஷிகெயோ அவர்களுக்கு,

வாசல் பனி பாதி உருகி, பிளம் மொட்டுகள் தலைநீட்டும் இந்நாளில் தாங்களும் தங்கள் முழங்காலும் நலம் என்று நம்புகிறேன். இங்கு நானும் தங்கள் தங்கை ஃபூமியேவும் சுகம்.

நிற்க. எட்டு வருடமாக நான் கடிதம் எழுதாத காரணம் தாங்கள் அறிந்ததே. முப்பத்தெட்டு வருடம் ரயில் ஓட்டியவன் நான். அத்தனை வருடத்திலும் என் தவறால் ஆன தாமதம் மொத்தம் பதினோரு நிமிடம். என் மகன் நவோயாவும் ரயில்தான் ஓட்டியிருக்க வேண்டும். அவனுடைய விமானிப் பள்ளி விண்ணப்பத்தில் எனக்குத் தெரியாமல் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட்டவர் தாங்கள். போன ஞாயிற்றுக்கிழமை, தான் துணை விமானியாகப் போகும் விமானத்தில் டோக்கியோவிலிருந்து சப்போரோவுக்கு எங்களைக் கூட்டிப் போனான். எண்ணூற்று இருபது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் என்று அட்டவணை சொன்னது. ஒரு நிமிடம் பிசகினாலும் அவன் தொழிலை இந்த ஜன்மத்தில் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று ஃபூமியேவிடம் சொல்லிவிட்டு, என் பழைய பணிக் கடிகாரத்தோடு ஏறினேன்.

ரயில் ஓட்டுபவன் எதைச் சரிபார்த்தாலும் விரல் நீட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெற்றாலும் என் விரல் ஓய்வு பெறவில்லை. மேலே போனதும் "இறக்கை சரி!" என்று நீட்டினேன். பணிப்பெண் தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து ஓடிவந்தாள்.

"என்னங்கய்யா, தண்ணி வேணுமா?"

வேண்டாம் என்பது மரியாதையில்லை, குடித்தேன். "மேகம் சரி!" என்றேன், இன்னொரு கோப்பை வந்தது. "விளக்கு சரி!" என்றதற்கும் வந்தது. "கையை மடியில வச்சுக்குங்களேன், மானம் போகுது" என்று ஃபூமியே கிள்ளினாள். ஆறு கோப்பை ஆனபின், எழுந்திருக்கக்கூடாது, பெல்ட் போடுங்கள் என்றார்கள். என் அவஸ்தையை ஆண்களாகிய நாம் பேசிக்கொள்ள வேண்டியதில்லை. அப்போதுதான் ஒலிபெருக்கியில் நவோயாவின் குரல் வந்தது.

"கீழே ஓடுதளத்துல பனி தள்ளிட்டிருக்காங்க. கொஞ்சம் சுத்தி வரணும், மன்னிச்சுக்குங்க. உங்க நேரம் எங்க கையில இருக்கு, அதை மறக்க மாட்டோம்."

மச்சான், பனியில் ரயில் நின்ற போதெல்லாம் பயணிகளிடம் நான் சொன்ன அதே வார்த்தைகள். நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

பக்கத்து இருக்கைக்காரர், "யாரோ புதுப் பையன் போல, பயப்படுறான்" என்று முணுமுணுத்தார்.

"யோவ், அது எம் பையன்யா! இறங்கலாமா கூடாதான்னு அவனுக்குத் தெரியும்!" என்று நான் போட்ட சத்தத்தில் விமானமே திரும்பிப் பார்த்தது. முன்பக்கத்துக் கதவை நோக்கி விரல் நீட்டி, "விமானி சரி!" என்றேன். ஏழாவது கோப்பை வந்தது.

இருந்தாலும் தாமதம் தாமதம்தான். சரியாகப் பத்தொன்பது நிமிடம். ஆகவே என் தீர்ப்பில் மாற்றமில்லை. தாங்கள் கையெழுத்துப் போட்டது தவறு.

வீட்டார் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். முழங்காலுக்கு வெந்நீர் ஊற்றில் குளியுங்கள்.

இப்படிக்கு,
ஹிராபயாஷி தொகுஜி

பி.கு.: இதைப் படித்துவிட்டு ஃபூமியே சிரிக்கிறாள். "நீங்க எங்க கடிகாரத்தைப் பாத்தீங்க? அவன் குரல் வந்ததுலேருந்து கண்ணைத் துடைச்சிட்டுல்ல இருந்தீங்க!" என்கிறாள். உண்மைதான். பத்தொன்பது நிமிடம் என்பது அவளுடைய கைப்பேசிக் கணக்கு. சக்கரம் தரையைத் தொட்டபோது மணி என்ன என்று எனக்குத் தெரியாது. கையெழுத்துக்கு ரொம்ப நன்றி, மச்சான்.